ஏசி தண்ணீர் சுவருக்குள் இறங்கியதும், அதை நிறுத்திய விதமும்

போன வருடம் மார்ச், ஏப்ரலில் செய்த வேலை இது. அப்போதே எழுதியிருக்கலாம், ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்று விட்டேன். இந்தக் கத்திரியில் ஏசி இரவு முழுக்க ஓடியும் சுவர் காய்ந்தே இருக்கிறது, அதனால் இனி நம்பி எழுதலாம். ஏசி தண்ணீர் பிரச்சினையில் மெஷினை விட சுவருக்குத்தான் அதிகம் செலவாகிறது. அந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லாத செலவு என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில், முதல் மாடி. படுக்கையறையில் 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற நாலரை இன்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஏசியின் வலது ஓரத்திலிருந்து வெளிச்சுவர் வெறும் இரண்டடி. காப்பர் பைப் அந்தப் பக்கமாக வெளியே போய், சன்ஷேடு மேல் இருக்கிற அவுட்டோர் யூனிட்டில் சேர்கிறது. தண்ணீர் வடிகிற பைப்பை மட்டும் இடது பக்கமாக, சுவரில் காடி எடுத்துப் புதைத்து, 11 அடி தள்ளி இருக்கிற பாத்ரூமுக்குக் கொண்டு போயிருந்தார்கள். வெளியே பைப் தொங்கினால் வீட்டு முகப்பு கெட்டுவிடும் என்பது வீடு கட்டும்போது சொன்ன காரணம். இந்த 11 அடிதான் எல்லாவற்றுக்கும் மூலம், ஆனால் அது தெரிய ரொம்ப நாள் ஆனது.

முதலில் ஹால் பக்கம் ஆறடி உயரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. அப்புறம் வெள்ளையாக உப்பு பூத்தது, கை வைத்தால் பூச்சு மாவாகக் கொட்டியது. பாத்ரூம் பக்கத்தில் இருப்பதால் குழாய் கசிவு என்று நினைத்தோம். பிளம்பர் வந்து பாத்ரூம் குழாய்களையெல்லாம் மூடிவைத்து தண்ணீர் மீட்டரைப் பார்த்தார், ஒரு சொட்டுகூட நகரவில்லை. மாடித் தண்ணீரா என்றால், மேலே தளம் காய்ந்துதான் இருந்தது. துப்பு கொடுத்தது மாதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது அந்த இடம் மெல்லக் காய்ந்துகொண்டு வந்தது, மழையே இல்லாத மே மாதத்தில் நசநசவென்று ஈரமானது. மழையில் காய்ந்து வெயிலில் நனைகிற சுவர் என்றால் ஏசியைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் வீட்டில் ஈரம் எந்த மாதத்தில் கூடுகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்று முதலில் யோசியுங்கள். யாரையும் கூப்பிடுவதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை அதுதான்.

அதற்கு முன்பே ஒரு பெயின்டர் அந்த இடத்தைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடித்திருந்தார். கூலியும் பொருளும் சேர்த்து 4,000 ரூபாய். ஈரம் உள்ளேயிருந்து வரும்போது வெளியே தோல் மாதிரி ஒரு பூச்சைப் போட்டால் அது போகிற வழியையும் அடைத்துவிடும். அடுத்த கோடையில் பெரிய பெரிய கொப்புளமாகக் கிளம்பியது, அதோடு ஈரம் படுக்கையறைப் பக்கமும் திரும்பி, ஏசிக்குக் கீழே இருந்த பிளைவுட் கப்போர்டின் பின்பலகை ஊறி உப்பியது. வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அந்தக் கப்போர்டில்தான். நல்லவேளை, பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தது. ஏசியின் 20 ஆம்ப் சாக்கெட்டும் அதே சுவரில் ஒன்றரை அடி தள்ளித்தான் இருந்தது. மெயினில் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பித்த பிறகு இனி தள்ளிப் போடக் கூடாது என்று முடிவு செய்தோம். ஈரமான சுவரில் சாக்கெட் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கிற சுவிட்சை) இறக்குங்கள். சுவரைச் சும்மா தொட்டுப் பார்ப்பதுகூட அப்புறம்தான்.

ஏசி சர்வீஸ் ஆள் வந்து ட்ரெயின் பைப்பை, அதாவது தண்ணீர் வடிகிற பைப்பை, ப்ளோயர் வைத்து ஊதினார். கறுப்பாக, ஜெல்லி மாதிரி கசடு பாத்ரூம் முனையில் வந்து விழுந்தது. தண்ணீர் நன்றாக ஓடியது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. வேறு இடத்திலிருந்து வந்த இன்னொருவர், "சார், கேஸ் கம்மியா இருக்கு, காயில்ல ஐஸ் கட்டி உருகுது, அதான் தண்ணி" என்றார். கேஸ் ஏற்ற 2,500 ரூபாய். கேஸ் குறைந்தால் காயிலில் (காற்றைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டும், ஏசியை நிறுத்தினதும் அது மொத்தமாக உருகி கீழே இருக்கிற ட்ரே தாங்காமல் வழியும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஏசியில் அது நடக்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, பணம் கொடுக்கும் முன் நானும் பார்க்கவில்லை. பார்ப்பது ரொம்ப சுலபம். ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் காயில் தெரியும். எல்லா இடமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் ஐஸ் பிரச்சினை இல்லை. அப்புறம் நானே பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. உள்ளே இழுக்கிற காற்று 28 டிகிரி, வெளியே வருகிற காற்று 14. குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. கேஸ் என்பது மூடிய சுற்றில் ஓடுவது, அது குறைந்தால் எங்காவது கசிவு இருந்தே ஆக வேண்டும். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் சோதனையை இரண்டாகப் பிரித்தேன். ஏசி ஓடாமல், தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்ப்பது ஒன்று. ஏசியை ஓடவிட்டு, எங்கே வியர்க்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. முதல் சோதனையில் அகப்படுவது வடிகால் கோளாறு. இரண்டாவதில் மட்டும் அகப்படுவது குளிர்ந்த பைப்பின் கோளாறு. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. ஒன்றைச் சரிசெய்தும் ஈரம் போகாததால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊற்றும் சோதனைக்கு எம்சிபியை இறக்கிவிட்டு, முன்மூடி, ஃபில்டர் இரண்டையும் கழற்றினேன். வலது ஓரத்தில் எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் அந்தப் பக்கத்தை பாலிதீன் ஷீட்டால் மூடி டேப் ஒட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் ஸ்பூன் கேசரி பவுடர் கலந்து, மூக்கு வைத்த சாஸ் பாட்டிலில் ஊற்றி, காயிலின் இடது பாதியில் மெதுவாகப் பீய்ச்சினேன். அது காயில் வழியே வழிந்து கீழே ட்ரேயில் சேர்ந்து பைப்புக்குப் போகும். பாத்ரூம் முனையில் அளவு ஜாடி. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 700 மில்லிதான் வந்திருந்தது. மீதி 300 மில்லி பைப்பின் பள்ளத்தில் தேங்கி நிற்கலாம், சுவருக்குள்ளும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள உடனே இரண்டாவது லிட்டரை ஊற்ற வேண்டும். பள்ளம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், கசிவு இல்லை என்றால் இரண்டாவது லிட்டர் அநேகமாக முழுசாக வெளியே வர வேண்டும். மறுபடியும் 720 மில்லிதான் வந்தது. சரி, கசிகிறது.

எங்கே என்று தெரிய சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். பாத்ரூமிலிருந்து நாலடி தூரத்தில் பூச்சு கல்லை விட்டுப் பிரிந்து வெற்றுச் சத்தம் கேட்டது. அங்கே உளி வைத்து ஓரடி நீளம் திறந்ததும் ஆரஞ்சு நிறத்தில் நனைந்த சிமெண்டு. உள்ளே இருந்தது பிளம்பிங் பைப்பே இல்லை, ஒயர் இழுக்கப் போடுகிற மெல்லிய எலக்ட்ரிகல் பைப். இரண்டு துண்டைச் சும்மா ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தார்கள், பைப் ஒட்டுகிற பேஸ்ட் போடவில்லை. ஒயருக்கு அது போதும், தண்ணீருக்குப் போதாது. ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் ஏசி முனைக்கும் பாத்ரூம் முனைக்கும் மொத்தச் சரிவே முக்கால் இன்ச், அதிலும் நடுவில் இந்த ஜாயின்ட் இருக்கிற இடம் பாத்ரூம் முனையை விட அரை இன்ச் தாழ்ந்திருந்தது. அதாவது ஏசி ஓடாத நாளிலும் அந்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. தேங்கின தண்ணீரில் காற்றுத் தூசி சேர்ந்து கசடு வளர்கிறது, கசடு அடைக்கிறது, அடைத்ததும் தண்ணீர் ஏறி ஜாயின்ட் வழியாகச் சுவருக்குப் போகிறது. எத்தனை தடவை ஊதினாலும் அந்தப் பள்ளம் அங்கேயே இருக்கும்.

கொத்தனார் அண்ணன், "பைப்ப மாத்தி மறுபடி உள்ளயே வச்சுப் பூசிடலாம் சார், வெளிய தெரியாது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாலரை இன்ச் சுவரில் 11 அடி நீளம் குறுக்கே காடி எடுப்பதே சுவருக்கு நல்லதில்லை. அடுத்த தடவை அடைத்தால் மறுபடியும் உடைக்க வேண்டும். வெளிச்சுவர் இரண்டடியில் இருக்கும்போது எதற்கு 11 அடி? வடிகாலை வலது பக்கம் திருப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இதற்கு ஏசியில் வசதி இருக்கிறது. பெரும்பாலான ஸ்பிளிட் இன்டோர் யூனிட்டில் ட்ரேக்கு இரண்டு பக்கமும் வாய் உண்டு, ஒன்றில் ஹோஸ், இன்னொன்றில் ரப்பர் மூடி. மூன்றாவதாக வந்த சர்வீஸ் பையனிடம் கேட்டேன்.

"தம்பி, ட்ரெயின் ஹோஸை வலது பக்கம் மாற்ற முடியுமா?"

"தாராளமா மாத்தலாம் சார். ரெண்டு பக்கமும் வாய் இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க, அதான் செய்யறதில்ல."

அவர் யூனிட்டின் கீழ்ப்பகுதியைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்து, ஹோஸையும் மூடியையும் இடம் மாற்றினார். மூடியை விரலால் அழுத்தினால் முழுசாக உட்காராது, ஆலன் கீ வைத்து உள்ளே தள்ள வேண்டும். வழுக்கிப் போகட்டும் என்று எண்ணெய் தடவக் கூடாது, எண்ணெய் ரப்பரைக் கெடுத்து அந்த மூடியே பிறகு கசியும். ரசமட்டத்தை யூனிட் மேல் வைத்துப் பார்த்தால் பழைய வாய் இருந்த இடது பக்கம் 4 மி.மீ. தாழ்ந்திருந்தது. சுவரில் இருக்கிற மவுன்டிங் பிளேட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மட்டத்துக்குக் கொண்டு வந்தோம். காப்பர் பைப் மடங்கிவிடக் கூடாது என்பதால் இந்தப் பகுதியை மட்டும் தெரிந்தவர் கையால் செய்வது நல்லது. கூலி 900 ரூபாய், நான் சந்தோஷமாகக் கொடுத்த பணம்.

காப்பர் போகிற பழைய ஓட்டையிலேயே ஹோஸையும் விடலாம் என்றார்கள். அந்த ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தது, தண்ணீர் உள்ளே திரும்பும். அதனால் அதற்கு இரண்டு இன்ச் கீழே தனியாக 32 மி.மீ. ஓட்டை போட்டோம். ஒன்பது இன்ச் சுவர், வெளிமுனை உள்முனையை விட 8 மி.மீ. தாழ்வு. ட்ரில் பிட்டை நேராகப் பிடித்தால் இது வராது, ஆரம்பிக்கும்போதே கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். பைப் 25 மி.மீ. பிவிசி. ஏசியிலிருந்து ஓட்டை வரை இரண்டடிக்கு அரை இன்ச் சரிவு, அதாவது அடிக்குக் கால் இன்ச். இதில் பாதி இருந்தாலும் தண்ணீர் ஓடிவிடும், ஆனால் கசடும் சேர்ந்து ஓட இந்தச் சரிவு வேண்டும். சுவரில் நூல் அடித்துக் கோடு போட்டு அதன் மேல் கிளாம்ப் வைத்தோம்.

ஹோஸையும் பைப்பையும் சேர்க்கிற இடத்தில் ஒரே விதி: மேலிருந்து வருவது உள்ளே, கீழே போவது வெளியே. மெல்லிய ஹோஸ் பைப்புக்குள் நாலு இன்ச் போக வேண்டும். அந்த ஜாயின்டில் மட்டும் பேஸ்ட் போடாமல் டேப் சுற்றினோம், சர்வீஸுக்குக் கழற்ற வசதியாக. அதற்கு அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதன் வாய் மேலே பார்த்தபடி, மூடியோடு. அடைத்தால் அந்த மூடியைத் திறந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிவிசி இளகிவிடும். திருப்பங்களில் 90 டிகிரி எல்போ போடாமல் 45 டிகிரி பெண்ட் இரண்டு போட்டோம், கசடு முதலில் தங்குவது எல்போவில்தான்.

வெளிச்சுவரில் கீழ் வரை மூன்று மீட்டர் பைப் இரண்டு. ஏணி வேலை என்பதால் பிளம்பர் செய்தார், ஓட்டை போட்டதும் சேர்த்து 1,500. பைப்பின் கடைசி முனை தரையிலிருந்து நாலு இன்ச் மேலே நிற்கிறது. இதைப் பலர் வாளிக்குள் விட்டுவிடுகிறார்கள், வாளி நிறைந்து முனை மூழ்கினதும் காற்று அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் நின்றுவிடும். அதோடு, நல்ல தண்ணீர் தேங்கி நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். நான் செம்பருத்திப் பாத்தியிலேயே விழும்படி விட்டுவிட்டேன். முனையில் அகலக் கண் நைலான் வலைத் துண்டு கட்டியிருக்கிறேன். எங்கள் பகுதியில் குளவி வந்து பைப் வாயில் மண்கூடு கட்டும், ஏசி போடாத மாதங்களில் இது நடந்துவிட்டால் கோடையின் முதல் நாளே அறைக்குள் தண்ணீர் சொட்டும்.

எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு நாள் பிடித்துப் பார்த்தேன். ஏப்ரல் இரவு, 25 டிகிரியில் வைத்து ஓடியபோது மணிக்கு ஒன்றேகால் லிட்டர். எட்டு மணி நேரத்துக்குப் பத்து லிட்டர். அதில் நாலில் ஒரு பங்கு சுவருக்குப் போயிருந்தால்கூட ஒரு ராத்திரியில் இரண்டரை லிட்டர். அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் சுவர் ஏன் அப்படி ஆனது என்று புரிந்தது.

இத்தனைக்கும் பிறகு, ஏசியின் வலது மூலையில் உள்ளங்கை அகலம் ஒரு ஈரத் திட்டு மட்டும் போகவில்லை. ஊற்றும் சோதனையில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் வெளியே வந்தது, வடிகாலில் குறையில்லை. அப்போது இரண்டாவது சோதனை. ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, காப்பர் பைப் சுவருக்குள் நுழைகிற இடத்தில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். சொதசொதவென்று நனைந்துவிட்டது. மேலே சுற்றியிருந்த வெள்ளை டேப்பைப் பிரித்தால், ஓட்டைக்குள் போகிற ஒரு சாண் தூரத்துக்கு இன்சுலேஷனே இல்லை. பைப்பை நுழைக்க இடம் பத்தாமல் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் டேப்பை மட்டும் சுற்றியிருந்தார்கள்.

சென்னையில் 34 டிகிரி வெயில், 60 சதவீதம் ஈரப்பதம் என்றால் சுமார் 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன் மேலும் தண்ணீர் படியும். அந்தக் காப்பர் மேல் தெர்மாமீட்டர் முனையை ஒட்டிப் பார்த்தேன், 11 டிகிரி. கடற்காற்று அடிக்கிற சாயங்காலத்தில் ஓட்டை வழியே அந்த ஈரக் காற்று நேராக உள்ளே வந்து பைப்பில் பட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு விஷயம், தடித்த பைப்புக்கு மட்டும் ஃபோம் போட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்பிளிட் ஏசியில் கேஸின் அழுத்தம் இறங்குவது பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே என்பதால், உள்ளே வருகிற மெல்லிய பைப்பும் குளிர்ந்துதான் வருகிறது, அதுவும் வியர்க்கும். இரண்டுக்கும் தனித்தனியாக உறை வேண்டும்.

வெள்ளை ஃபோம் வேண்டாம் என்று கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை, 13 மி.மீ. கனத்தில், அரை இன்ச் பைப்புக்கும் கால் இன்ச் பைப்புக்கும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அளந்தால் ஓட்டைக்குள் போகவில்லை. அரை இன்ச் பைப் உறையோடு 39 மி.மீ., கால் இன்ச் பைப் 32 மி.மீ., இரண்டும் சேர்த்து 71. ஓட்டையோ 65, அதில் ஒயரும் போக வேண்டும். கடைக்காரர் நல்லவர், ஒரு ஜோடியை 9 மி.மீ. கனத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஓட்டைக்குள் 9, வெளியே 13 என்று பிரித்துக்கொண்டேன். காப்பரைக் கழற்றாமல் போட, உறையை நீளவாக்கில் பிளேடால் கீறி, பைப்பைத் துடைத்துக் காயவைத்து, உறையை மாட்டி, கீறலின் இரண்டு உதட்டிலும் ரப்பர் பசை தடவி, கொஞ்சம் காய்ந்ததும் அழுத்தி ஒட்ட வேண்டும். துண்டும் துண்டும் சேர்கிற இடத்திலும் பசை. ஒரு நூல் இடைவெளி விட்டாலும் ஈரக் காற்று உள்ளே புகுந்துவிடும், பிறகு உறைக்குள்ளேயே தண்ணீர் நிற்கும், வெளியே தெரியாது. கடைசியாக ஓட்டையின் இரண்டு வாயையும் ஏசி புட்டி வைத்து அடைத்தேன். வெறுமனே இடுக்கை மூடத்தானே என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் 9 மி.மீ. உறை போதுமானதாக ஆவதே இந்த அடைப்பால்தான். வெளியே வெயில் படுகிற பகுதிக்கு மேல் டேப் சுற்றியாயிற்று, நைட்ரைல் நேர் வெயிலில் வெடித்துப்போகும். புது ட்ரெயின் பைப்பில் அறைக்குள் இருக்கிற இரண்டடிக்கும் மிச்சமான துண்டுகளை வெட்டி ஒட்டினேன், அதில் ஓடுகிற தண்ணீரும் குளிர்ந்ததுதானே.

சுவர் வேலையில் அவசரப்படக் கூடாது. ஈரம் தெரிகிற இடத்தைத் தாண்டி நாலு இன்ச் வரை எல்லாப் பக்கமும் பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியும்படி விட்டோம். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்து அள்ளிவிட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். வீட்டில் எல்லோருக்கும் ஹாலில் அந்தச் செங்கலைப் பார்க்கச் சங்கடம்தான், விருந்தாளி வரும்போது அம்மா ஒரு காலண்டரை மாட்டி மறைப்பார். ஆனாலும் மே முழுக்க அப்படியே விட்டோம். காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். முதலில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. ஜூனில் பார்த்தபோது ஷீட் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பூச்சு, சிமெண்டு ஒன்றுக்கு மணல் நாலு கலவை. ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, அப்புறம் நன்றாகக் காயவிட்டு, பட்டி, பிரைமர், சாதாரண எமல்ஷன். வாட்டர்ப்ரூஃப் எதுவும் போடவில்லை. பழைய பைப்பைப் பிடுங்கவில்லை, உள்ளே இருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்து இரண்டு முனையையும் எம்-சீல் வைத்து மூடியாயிற்று. சாக்கெட்டை எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தார், உள்ளே பச்சை பிடித்திருந்த டெர்மினலை மாற்றினார்.

செலவு: பைப் 340, பெண்ட், டீ, மூடி, கிளாம்ப் எல்லாம் 260, பேஸ்ட் 70, நைட்ரைல் உறை 380, புட்டியும் டேப்பும் 120. பொருள் மொத்தமே 1,170 ரூபாய். சர்வீஸ் கூலி 900, பிளம்பர் 1,500. ஆக, தண்ணீரை நிறுத்த ஆனது 3,570. சுவரை மறுபடி சுவராக்க ஆனது கொத்து வேலைக்கு 2,800, பெயின்டுக்கு 3,500, சேர்த்து 6,300. சாக்கெட்டும் கப்போர்டின் பின்பலகையும் இதில் சேராது. அதற்கு முன் வாட்டர்ப்ரூஃபுக்கும் கேஸுக்கும் போன 6,500 தனி. முதல் கொப்புளம் வந்தபோதே ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் இருந்திருக்காது.

இப்போது வழக்கமாகச் செய்வது குறைவுதான். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுகிறோம். மார்ச்சில் ஏசியை முதலில் போடும் முன் டீ வழியாக அரை லிட்டர் ஊற்றி, கீழே வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கிறோம். பிளீச்சிங் பவுடர், ஆசிட் மாதிரி எதையும் காயில் பக்கமே கொண்டு போவதில்லை, அலுமினியத் தகட்டை அது அரித்துவிடும். விழுகிற தண்ணீரில் உப்பு இல்லாததால் செடிக்கும் வீடு துடைக்கவும் நன்றாகவே இருக்கிறது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது, காயில் மேல் இருக்கிற தூசியும் கிருமியும் அதில்தான் வருகின்றன.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஏசி வடிகாலை எலக்ட்ரீஷியன் கையில் விடாதீர்கள், அது பிளம்பர் வேலை. கூடுமானவரை ஏசியை வெளிச்சுவரை ஒட்டி மாட்டுங்கள். புதைத்தே ஆக வேண்டும் என்றால் 32 மி.மீ. பிளம்பிங் பைப், எல்லா ஜாயின்டிலும் பேஸ்ட், அடிக்குக் கால் இன்ச் சரிவு என்று சொல்லிவிட்டு, பூசுவதற்கு முன் நீங்களே ஒரு லிட்டர் ஊற்றி ஒரு லிட்டர் வருகிறதா என்று அளந்து பாருங்கள். அளவு டேப்பைச் சுவரில் ஒட்டிவைத்து போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆணி அடிக்கும்போதாவது உதவும்.

அடுத்து பிள்ளைகள் அறை ஏசி. அதிலும் இதே எலக்ட்ரிகல் பைப்தான், ஆனால் அங்கே பக்கத்தில் வெளிச்சுவர் கிடையாது. பைப் ஹால் வழியாகப் போய்த்தான் பின்பக்கம் இறங்க வேண்டும், 9 அடி தூரம், இரண்டேகால் இன்ச் சரிவு வேண்டும். ஜன்னல் மேல் விளிம்புக்கும் ஏசியின் அடிக்கும் நடுவில் மூன்று இன்ச்தான் இருக்கிறது. சரிவையும் சேர்த்தால் 32 மி.மீ. பைப்புக்கு அந்த இடம் பத்தாது, அதனால் ஏசியை முதலில் இரண்டு இன்ச் உயர்த்த வேண்டும். ஹாலில் ஏசி இல்லாததால் அங்கே போகிற பைப் முழுவதற்கும் 13 மி.மீ. உறை. ஜனவரியில் ஆரம்பித்தால் மார்ச்சுக்குள் சுவரும் காய்ந்துவிடும்.